கன்வர்ஜ் ஆகாத ஓட்டக் கணக்கு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் கன்வர்ஜ் ஆகாமல், அதாவது விடை ஒரு நிலையில் அடங்காமல், சிதறியதும் பெரும்பாலோரின் கை முதலில் போகும் இடம் ரிலாக்சேஷன் ஃபேக்டர், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் புதிய விடையில் எவ்வளவு பங்கை ஏற்பது என்ற எண். 0.7 இருந்ததை 0.5 ஆக்குவார்கள், அதுவும் போதவில்லை என்றால் 0.3. சில சமயம் ஓடிவிடும். பல சமயம் 80-வது சுற்றில் வெடித்த கணக்கு 400-வது சுற்றில் வெடிக்கும், அவ்வளவுதான். எந்தச் சமன்பாடு முதலில் கெட்டது, மெஷ்ஷில் (ஓட்ட இடத்தைச் சிறு சிறு செல்களாகப் பிரித்த வலையில்) எந்த இடத்தில் கெட்டது என்ற இரண்டும் தெரிந்தபிறகுதான் செட்டிங்கில் கை வைக்க வேண்டும். இரண்டுக்கும் விடை, கணக்கு ஓடும்போது எழுதப்படும் லாக் கோப்பில் கிடைக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஓபன்ஃபோம் என்ற ஓட்டக் கணக்கு மென்பொருளின் சிம்பிள்ஃபோம் (நிலையான ஓட்டத்துக்கு), பிம்பிள்ஃபோம் (நேரத்தோடு மாறும் ஓட்டத்துக்கு) ஆகிய இரண்டு சால்வர்களையும், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்களையும், வைத்து. ஃப்ளூயன்ட் என்ற இன்னொரு மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்குப் பட்டன்களின் பெயர்தான் மாறும், காரணங்கள் அதேதான்.

முதலில் லாக்கைப் படியுங்கள்

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் மூன்று எண்கள் வரும்: இனிஷியல் ரெசிடுவல், ஃபைனல் ரெசிடுவல், உள்சுற்றுகளின் எண்ணிக்கை. ரெசிடுவல் என்பது சமன்பாட்டில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை. கவனிக்க வேண்டியது இனிஷியல் ரெசிடுவலை. போன சுற்றில் கிடைத்த விடை இந்தச் சுற்றின் சமன்பாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்வது அதுதான். ஃபைனல் ரெசிடுவல் உள்ளே இருக்கும் லீனியர் சால்வர் தன் வேலையை முடித்ததா என்று மட்டுமே சொல்லும். ஃபைனல் 10⁻⁷ வந்துவிட்டது என்று நிம்மதியடைந்து, இனிஷியல் 0.4-லேயே நிற்பதைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அழுத்த வரியில் இனிஷியல் 0.02, ஃபைனல் 0.0018, உள்சுற்று 6 என்று இருந்தால் சால்வர் ஆரோக்கியமாக இருக்கிறது. ரெல்டால் (பிழை எத்தனை பங்காகக் குறைந்தால் நிற்கலாம் என்ற செட்டிங்) 0.1 என்று கொடுத்திருப்பதால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நின்றிருக்கிறது. உள்சுற்று 1000 என்று இருந்தால் அது தீர்ந்து நின்றதல்ல, வரம்பை முட்டி நின்றது. உள்சுற்றின் வரம்பைச் சொல்லும் மேக்ஸ்-இட்டர் கொடுக்காவிட்டால் வரம்பு 1000 தான்.

ரெசிடுவலோடு சேர்த்து ஃபீல்ட்-மின்மேக்ஸ் என்ற ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டைத் திசைவேகம், அழுத்தம், கே (கொந்தளிப்பின் இயக்க ஆற்றல்) மூன்றுக்கும் போட்டு வையுங்கள். உச்ச மதிப்பு எவ்வளவு என்பதோடு எந்த ஆயத்தொலைவில் இருக்கிறது என்றும் எழுதும். இன்லெட்டில் விநாடிக்கு 10 மீட்டர் விட்டிருக்கும்போது உச்சம் 340 என்றும், அதுவும் 20 சுற்றாக ஒரே இடத்தில் என்றும் வந்தால், விடையைப் படமாகக் காட்டும் பாராவியூவைத் திறந்து நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அறிகுறி 1: முதல் 10 சுற்றுக்குள் வெடிக்கிறது

ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன் என்று நின்றால், அநேகமாக அது சால்வர் செட்டிங்கின் குற்றமல்ல. கொடுத்த தகவலில் தவறு இருக்கும்.

அளவைப் பாருங்கள். கேட் மென்பொருளிலிருந்து மில்லிமீட்டரில் வந்த வடிவத்தை மீட்டராக எடுத்துக்கொண்டால் 300 மில்லிமீட்டர் குழாய் 300 மீட்டர் ஆகிவிடும். மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டினால் அதில் மொத்த அளவைச் சொல்லும் பவுண்டிங் பாக்ஸ் என்ற வரி வரும், அதைப் பார்த்தாலே தெரியும்.

அலகைப் பாருங்கள். அமுங்காப் பாய்மத்துக்கான சிம்பிள்ஃபோமில் அழுத்தம் என்பது அடர்த்தியால் வகுத்த அழுத்தம், பாகுநிலையும் அப்படியே. தண்ணீருக்கு இன்லெட், அவுட்லெட் இரண்டிலும் அழுத்தத்தைப் பாஸ்கலில் கொடுத்தால் அழுத்த வேறுபாடு 1000 மடங்கு ஆகி, ஓட்டம் கண்மண் தெரியாமல் வேகமெடுக்கும். பாகுநிலையில் அதே தவறு நடந்தால் எதிர்மாறாக இருக்கும். தண்ணீருக்கு 10⁻⁶ கொடுக்க வேண்டிய இடத்தில் 10⁻³ கொடுத்தால் கணக்கு அழகாகக் கன்வர்ஜ் ஆகும், விடை முழுக்கத் தப்பு. காற்றில் இந்தத் தவறு இன்னும் மறைவாக நடக்கும். இரண்டு பாகுநிலைகளும் 1.8 × 10⁻⁵, 1.5 × 10⁻⁵ என்று பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதால் யார் கண்ணிலும் படாது.

கே-ஒமேகா என்ற கொந்தளிப்பு மாடலில் தொடக்க நிலையில் ஒமேகாவை (கொந்தளிப்பு சிதையும் வீதத்தை)ப் பூஜ்யமாக விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கொந்தளிப்புப் பாகுநிலை என்பது கே-யை ஒமேகாவால் வகுத்து வருவது. பூஜ்யத்தால் வகுத்தால் முதல் சுற்றே கடைசிச் சுற்று.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வெடித்தால் தொடக்கப் புலம் மிக மோசம் என்று பொருள். உள்ளே எல்லா இடத்திலும் திசைவேகம் பூஜ்யம், இன்லெட்டில் மட்டும் 30 என்றால் முதல் சுற்றில் அழுத்தம் எகிறத்தான் செய்யும். பாகுநிலை இல்லாத எளிய ஓட்டத்தைக் கணக்கிடும் பொட்டென்ஷியல்ஃபோமை ஒருமுறை ஓட்டி அதன் விடையிலிருந்து தொடங்குங்கள். சில விநாடி வேலை. எஃப்வி-சொல்யூஷன் கோப்பில் ஃபை என்ற மாறிக்கும் ஒரு சால்வர் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஓடாது. பிறகு முதல் 200 சுற்றை எல்லாவற்றுக்கும் பவுண்டட் காஸ் அப்விண்ட் ஸ்கீமில் (ஸ்கீம் என்பது சமன்பாட்டின் உறுப்பைச் செல்களின் மதிப்பிலிருந்து கணக்கிடும் விதி) ஓட்டி, புலம் அடங்கியதும் திசைவேகத்துக்கு லீனியர்-அப்விண்ட் மாற்றுங்கள். அப்விண்டிலேயே ஓட்டி முடித்துவிடாதீர்கள். அது முதல் படித் துல்லியம்தான், சுழல்களையும் வெட்டு அடுக்குகளையும் கரைத்துவிடும்.

அறிகுறி 2: நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது, திடீரென்று ஏறுகிறது

100, 200 சுற்றுவரை ரெசிடுவல் சீராக இறங்கி, பிறகு அழுத்தம் மெல்ல மேலே போக, பின்னாலேயே மற்றவையும் போகும். இதற்குப் பெரும்பாலும் மெஷ்தான் காரணம். உச்ச மதிப்பு இருக்கும் செல்லைப் பிடித்து, அதைச் சுற்றியுள்ள செல்களின் வடிவத்தைப் பாருங்கள். கூர்மையான ஓரம், இரண்டு பரப்புகள் குறுகலாகச் சந்திக்கும் இடுக்கு, பவுண்டரி லேயர் அடுக்கு சட்டென்று முடியும் இடம், இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

செக்மெஷ் நான்-ஆர்த்தோகனாலிட்டி 70 டிகிரியைத் தாண்டினாலும், ஸ்க்யூனெஸ் (செல்லின் கோணல்) 4-ஐத் தாண்டினாலும் எச்சரிக்கும். 70 என்பது எங்கிருந்து வந்தது? இரண்டு செல் மையங்களை இணைக்கும் கோடும் முகத்தின் செங்குத்துக் கோடும் ஒன்றாக இல்லாதபோது, டிஃப்யூஷன் (பரவல்) உறுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மேட்ரிக்ஸிலும், மிச்சத்தைப் போன சுற்றின் மதிப்பை வைத்துத் திருத்தமாகவும் போடுகிறோம். அந்தத் திருத்தத்தின் அளவு கோணத்தின் டேன்ஜென்ட்டைப் போல வளரும். 45 டிகிரியில் 1, 70-ல் 2.75, 80-ல் 5.67, 85-ல் 11.4. பழைய மதிப்பிலிருந்து வரும் திருத்தம் உண்மையான உறுப்பைவிட இத்தனை மடங்கு பெரிதானால் கணக்கு ஆடத்தானே செய்யும்.

அதனால் கோணத்துக்குத் தக்கபடி வைத்தியம். 60 டிகிரிக்குள் என்றால் டிஃப்யூஷன் உறுப்புக்கான லாப்லேசியன் ஸ்கீம் கரெக்டட் என்றே இருக்கட்டும், திருத்தச் சுற்று தேவையில்லை. 60-லிருந்து 70 வரை நான்-ஆர்த்தோகனல் கரெக்டர் (திருத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை) 1 போடுங்கள். 70-லிருந்து 80 வரை கரெக்டர் 2, ஸ்கீம் லிமிடெட் கரெக்டட் 0.5. அதுவும் அடங்கவில்லை என்றால் 0.33. 0.5 என்றால் திருத்தப் பகுதி நேர்ப்பகுதியை மீறாது, 0.33 என்றால் அதில் பாதியை மீறாது. எஃப்வி-ஸ்கீம்ஸ் கோப்பில் சர்ஃபேஸ் நார்மல் கிரேடியன்ட் வரியிலும் இதே ஸ்கீமை எழுத வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 80-க்கு மேல் போய்விட்டால் செட்டிங்கோடு போராடுவது வீண்வேலை, மெஷ்ஷைத் திருத்துங்கள். 20 லட்சம் செல்லில் 85 டிகிரி முகங்கள் நான்கே நான்கு என்றாலும், ஓட்டம் வேகமாகப் போகும் இடத்தில் அவை இருந்தால் நான்கே போதும்.

மெஷ்ஷைத் தொட முடியாத நிலையில் இன்னொரு வழி உண்டு. கிரேடியன்ட் (சாய்வு) ஸ்கீமை வெறும் காஸ் லீனியரிலிருந்து செல்-லிமிடெட் காஸ் லீனியர் 1-க்கு மாற்றுங்கள். மோசமான செல்லில் கிரேடியன்ட் தாறுமாறாகப் போகாமல் கட்டும். பெரும்பாலும் திசைவேகத்துக்கு மட்டும் போட்டாலே போதும்.

அறிகுறி 3: ரெசிடுவல் ஒரு மட்டத்தில் நின்று ஆடுகிறது

வெடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. 10⁻³ பக்கத்தில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அதிகம் பேர் நாட்களை இழப்பது இங்கேதான், ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு அடியில் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

பிரித்தறிய ரெசிடுவலைப் பார்க்காமல் இழுவிசை அல்லது அழுத்த இழப்பு போன்ற ஓர் எண்ணைச் சுற்றுக்குச் சுற்று வரைபடமாகப் போடுங்கள்.

அந்த எண் ஒழுங்கான அலையாக ஏறி இறங்கினால், ஓட்டமே நிலையானதல்ல. இல்லாத நிலையான விடையைத் தேடும்படி சால்வரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உருளையின் பின்னால் ரெனால்ட்ஸ் எண் 47 அளவைத் தாண்டியதுமே சுழல்கள் மாறி மாறிக் கழலத் தொடங்கிவிடும். ரிலாக்சேஷனைக் குறைத்தால் இந்த ஆட்டம் மெதுவாகும், போகாது. பிம்பிள்ஃபோமுக்கு மாறுங்கள். டைம் ஸ்டெப்புக்கும் குத்துமதிப்பு தேவையில்லை. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை, விநாடிக்கு 1 மீட்டர் காற்று. சுழல் கழலும் அதிர்வெண்ணைத் தரும் ஸ்ட்ரூஹால் எண் சுமார் 0.2, ஆகவே அதிர்வெண் 0.2 × 1 ÷ 0.1 = 2 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சிக்கு 0.5 விநாடி. அதை 200 துண்டாக்கினால் 0.0025 விநாடி. தொடக்கக் கலக்கம் அடங்கியபின் குறைந்தது 10 சுழற்சி, அதாவது 5 விநாடிக்குச் சராசரி எடுங்கள்.

இழுவிசை மூன்றாவது தசமம்வரை அசையாமல் இருந்து, ரெசிடுவல் மட்டும் ஆடினால், எங்கோ சில செல்லில் லிமிட்டர் (கிரேடியன்ட்டைக் கட்டுவது) ஒரு சுற்றில் வேலைசெய்து அடுத்த சுற்றில் விட்டுவிட்டு மாறிக்கொண்டிருக்கிறது. செல்-லிமிடெட் 1 என்று இருப்பதை 0.5 ஆக்கிப் பாருங்கள். அந்த இடம் நமக்கு வேண்டிய பகுதியிலிருந்து தொலைவில் இருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் தவறில்லை.

இழுவிசை ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், அழுத்தச் சமன்பாட்டை உள்ளே போதுமான அளவு தீர்க்கவில்லை. ரெல்டாலை 0.1-லிருந்து 0.01 ஆக்குங்கள். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நேரம் எடுக்கும், மொத்தச் சுற்று குறையும்.

அறிகுறி 4: அழுத்தம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 1000 உள்சுற்று போகிறது

எங்காவது ஓர் எல்லையில் அழுத்தத்தின் மதிப்பு நிலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? எல்லா எல்லையிலும் ஜீரோ-கிரேடியன்ட் (சாய்வு பூஜ்யம்) என்றால் அழுத்தத்துக்கு மட்டம் என்பதே கிடையாது, எந்த மாறிலியைக் கூட்டினாலும் அது விடைதான். பி-ரெஃப்-செல் 0, பி-ரெஃப்-வேல்யூ 0 என்று ஒரு செல்லில் கட்டுங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்டினியூட்டி பிழையை அவுட்லெட்டைச் சரிசெய்து போக்க முடியாது என்று சொல்லிக் கணக்கே நின்றுவிடும்.

மட்டம் சரி என்றால் செல்களின் நீள அகல விகிதம். சுவரோரம் 1000-ஐத் தாண்டிய தட்டையான செல்கள் இருக்கும் மெஷ்ஷில் கேம்ஜி என்ற மல்டிகிரிட் சால்வர் தடுமாறும். பிசிஜி சால்வரையும் டிஐசி ப்ரீகண்டிஷனரையும் போட்டுப் பாருங்கள். மெதுவாகப் போனாலும் வந்து சேர்ந்துவிட்டால் குற்றம் மல்டிகிரிட்டில்தான்.

அறிகுறி 5: பவுண்டிங் கே, பவுண்டிங் ஒமேகா என்று வந்துகொண்டே இருக்கிறது

கே எதிர்மறையாகிவிட்டது, பிடித்து மேலே ஏற்றினேன் என்று சால்வர் சொல்கிறது. முதல் 50 சுற்றில் வந்து நின்றால் கவலை வேண்டாம். கடைசிவரை வந்தால் முதலில் கே, ஒமேகா, எப்சிலான் (கொந்தளிப்பு ஆற்றல் சிதையும் அளவு) மூன்றின் கன்வெக்ஷன் ஸ்கீமையும் பவுண்டட் காஸ் லிமிடெட்-லீனியர் 1 ஆக்குங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அப்விண்ட்.

அடுத்தது இன்லெட் மதிப்புகள். இவற்றைக் கையால் கணக்கிட்டே போட வேண்டும். ஓபன்ஃபோமோடு வரும் பிட்ஸ்டெய்லி மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இன்லெட் உயரம் 25.4 மில்லிமீட்டர், வேகம் விநாடிக்கு 10 மீட்டர். கொந்தளிப்பு 5 சதவீதம் என்றால் ஏற்ற இறக்கம் 0.5. கே = 1.5 × 0.5² = 0.375. நீள அளவு உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, 0.00254 மீட்டர். எப்சிலான் என்பது 0.09-ன் 0.75 அடுக்கு (0.1643), கே-யின் 1.5 அடுக்கு (0.2296), இரண்டையும் பெருக்கி நீள அளவால் வகுத்தது: 14.85. அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், 0.375-ம் 14.855-ம் அங்கே இருக்கும்.

இனி ஒரு சரிபார்ப்பு. கொந்தளிப்புப் பாகுநிலை = 0.09 × கே² ÷ எப்சிலான் = 0.00085. பாய்மத்தின் பாகுநிலை அங்கே 10⁻⁵, ஆகவே விகிதம் 85, நியாயமான எண். எங்கிருந்தோ நகலெடுத்து எப்சிலானை 0.01 என்று போட்டிருந்தால் விகிதம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும், காற்று தேனைப் போல ஓடும். ஃப்ளூயன்ட்டில் விஸ்காசிட்டி ரேஷியோ 10⁵-க்குக் கட்டுப்படுத்தப்பட்டது என்று இத்தனை செல்லைக் குறிப்பிட்டு ஒரு செய்தி வருமே, அதற்கும் அடிக்கடி இதுவே காரணம்.

மூன்றாவது ஒய்-பிளஸ், அதாவது சுவரிலிருந்து முதல் செல்லின் மையம் இருக்கும் தூரத்தை அலகில்லாமல் சொல்லும் எண். வால் ஃபங்ஷன் (சுவரோர ஓட்டத்துக்கான சூத்திரம்) போட்டால் 30-லிருந்து 300 வரை, சுவர்வரை தீர்ப்பதென்றால் 1 பக்கம். காற்று விநாடிக்கு 20 மீட்டர், தட்டு 1 மீட்டர் நீளம் என்றால் உராய்வுத் திசைவேகம் சுமார் 0.83 வரும். ஒய்-பிளஸ் 50 வேண்டுமானால் முதல் செல்லின் மையம் சுவரிலிருந்து 0.9 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், செல்லின் உயரம் அதில் இரட்டிப்பு. ஒய்-பிளஸ் 1 என்றால் மையம் 0.018 மில்லிமீட்டரில். இந்த மையம், உயரம் குழப்பத்தில் நிறையப் பேர் சரியாகப் பாதி மதிப்பில் மெஷ் போட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி 6: அவுட்லெட் பக்கம் வேகம் எகிறுகிறது

சுழல் ஒன்று அவுட்லெட்டை அடையும்போது அதன் ஒரு பாதி வெளியே போகும், மறு பாதி உள்ளே வரும். திசைவேகத்துக்கு அங்கே வெறும் ஜீரோ-கிரேடியன்ட் இருந்தால் உள்ளே வரும் பாய்மத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இன்லெட்-அவுட்லெட் எல்லை நிபந்தனை போட்டு, உள்வரும் மதிப்பாகத் திசைவேகத்துக்குப் பூஜ்யமும் கே-க்கும் ஒமேகாவுக்கும் இன்லெட் மதிப்பும் கொடுங்கள். இது முதலுதவி. அவுட்லெட்டைத் தள்ளி வைப்பதுதான் தீர்வு: குழாயில் குறைந்தது 10 விட்டம், படிக்கட்டு ஓட்டத்தில் சுழல் மூடும் இடத்தைத் தாண்டி இன்னும் 10 படி உயரம்.

அறிகுறி 7: டைம் ஸ்டெப் சுருங்கிக்கொண்டே போகிறது

தானியங்கி டைம் ஸ்டெப் 10⁻⁴-ல் தொடங்கி 10⁻⁹-க்குப் போய்விட்டால் அது நோயின் அறிகுறிதான். வேகத்தை டைம் ஸ்டெப்பால் பெருக்கிச் செல் நீளத்தால் வகுத்தால் கூரன்ட் எண். 1 மில்லிமீட்டர் செல், விநாடிக்கு 10 மீட்டர் என்றால் கூரன்ட் 1-க்கு 0.0001 விநாடி. ஸ்டெப் அதைவிடப் பலமடங்கு சின்னதாகப் போனால், ஒன்று எங்கோ மிகச் சிறிய செல் இருக்கிறது, அல்லது ஒரு செல்லில் வேகம் வெடித்துவிட்டது. லாக்கில் கூரன்ட் எண்ணின் சராசரியையும் உச்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி 0.0003, உச்சம் 0.9 என்றால் ஒரே செல்லுக்காக மொத்தக் கணக்கும் காத்துக்கிடக்கிறது. அறிகுறி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

பிம்பிள்ஃபோமில் அவுட்டர் கரெக்டர் (ஒரு டைம் ஸ்டெப்புக்குள் வெளிச்சுற்றுகளின் எண்ணிக்கை) 1 என்றால் அது பீசோ முறைதான், கூரன்ட் 1-க்குள் இருக்க வேண்டும். கூரன்ட் 5 வரை போக வேண்டுமானால் அவுட்டர் கரெக்டரை 20-ஆக வைத்து, ரெசிடுவல் கன்ட்ரோலும் கொடுங்கள், அடங்கியதும் அதுவே முன்கூட்டி வெளியேறிவிடும். இடைச் சுற்றுகளுக்கு ரிலாக்சேஷன் 0.7 கொடுக்கலாம். ஆனால் ஃபைனல் என்று முடியும் பெயர்களுக்கு 1 தான், மாற்றக் கூடாது. கடைசிச் சுற்றிலும் ரிலாக்ஸ் செய்தால் அந்த டைம் ஸ்டெப்பின் சமன்பாடே முழுதாகத் தீராது.

ரிலாக்சேஷனை எப்போது தொடுவது

மேலே உள்ள எதுவுமில்லை என்று உறுதியானபிறகு. பதங்கர், ஸ்பால்டிங் இருவரின் 1972 சிம்பிள் முறைக்கு அழுத்தம் 0.3, திசைவேகம் 0.7 என்ற ஜோடி பொதுவாக நன்றாக ஓடும், இரண்டையும் கூட்டினால் 1. கொந்தளிப்புக்கு 0.5-லிருந்து 0.7. கன்சிஸ்டன்ட் என்பதற்கு எதிரே யெஸ் போட்டால் அது 1984-ல் வந்த சிம்பிள்-சி ஆகும். அப்போது திசைவேகத்துக்கும் கொந்தளிப்புக்கும் 0.9, அழுத்தத்துக்கு ரிலாக்சேஷனே வேண்டாம். நல்ல மெஷ்ஷில் சுற்றுகள் வெகுவாகக் குறையும், மோசமான மெஷ்ஷில் சீக்கிரம் வெடிக்கும். இந்த இரண்டு ஜோடிகளையும் கலந்துவிடாதீர்கள்: சாதாரண சிம்பிளில் 0.9, 1 என்று போட்டு வெடித்ததும் மெஷ்ஷைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

ஒன்றை உறுதியாக நம்பலாம். ரிலாக்சேஷன் போகும் வேகத்தை மாற்றுமே தவிர, கன்வர்ஜ் ஆன விடையை மாற்றாது. ஸ்கீமும் மெஷ்ஷும் விடையையே மாற்றும்.

அறிகுறி 8: ரெசிடுவல் இறங்கிவிட்டது, விடை நம்பும்படி இல்லை

பிட்ஸ்டெய்லியிலேயே ரெசிடுவல் கன்ட்ரோல் அழுத்தத்துக்கு 10⁻², மற்றவற்றுக்கு 10⁻³ தான். அது முறையைக் காட்டும் மாதிரி, அந்த எண்களை அப்படியே நகலெடுத்து உங்கள் வேலைக்குப் போட்டால் கணக்கு பாதியில் முடிந்துவிடும். அழுத்தம் 10⁻⁴, மற்றவை 10⁻⁵ என்று வையுங்கள். உள்வரும் நிறையும் வெளிபோகும் நிறையும் 0.1 சதவீதத்துக்குள் சமமா என்று பாருங்கள். நமக்கு வேண்டிய எண் கடைசி 500 சுற்றில் 0.5 சதவீதத்துக்கு மேல் நகரவில்லையா என்று பாருங்கள்.

கணக்கு கெட்டுப்போனபின் திரும்பத் தொடங்கும்போது கடைசியாக எழுதிய புலத்திலிருந்து தொடங்காதீர்கள். அதில் கே-யும் ஒமேகாவும் ஏற்கெனவே நஞ்சாகியிருக்கும், எந்தச் செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. ரெசிடுவல் ஏறத் தொடங்குவதற்கு முந்தைய புலம் வேண்டும். அது கையில் இருக்க வேண்டுமானால் ஓட்டத் தொடங்கும்போதே ரைட்-இன்டர்வல் 100, பர்ஜ்-ரைட் 5 (100 சுற்றுக்கு ஒருமுறை எழுது, கடைசி ஐந்தை மட்டும் வைத்திரு) என்று கன்ட்ரோல்-டிக்ட் கோப்பில் எழுதி வையுங்கள்.